மலையில் மழை பெய்யும் மாதங்கள்

என் வீட்டுக்காரருக்கு வேலை மேற்கு மலையில், அணைக்குக் கீழே இருக்கும் மின் நிலையத்தில். தண்ணீர் விழுந்து சுழற்றும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். மகள் படிப்புக்காக நானும் அவளும் இங்கே நகரத்தில், ஆஸ்டின் டவுனில் இருக்கிறோம். மழைக்காலத்தில் அணை நிறைந்துவிட்டால் எல்லா மெஷினும் நிற்காமல் ஓடும், லீவு கிடைக்காது. தண்ணீர் குறையும் கோடையில்தான் வருவார். அதனால் கல்யாணமானதிலிருந்து செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு அவர் ஒரு தடவைகூட என்னோடு வந்ததில்லை.

தெருவில் கரண்ட் போனால் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று குரல் கொடுப்பாள். "அக்கா, அண்ணன் தூங்கிட்டாரு போல. போன் போட்டு எழுப்புங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். கரண்ட் திரும்பி வந்ததும் அவர்கள் மிக்ஸி போடப் போய்விடுவார்கள். நான் பல்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கே எடுத்த கரண்ட் எந்த வீட்டுக்கு வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் பார்ப்பேன்.

இந்த வருஷம் மலையில் மழை தள்ளிப்போனது. ஆகஸ்ட் பிறந்தும் பாதி மெஷின் ஓடவில்லை. திருவிழாவுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கொடுத்துவிடுவார்கள் என்றார். இங்கே போர்வெல் வற்றிப்போய், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றோம். மழையைக் காணோமே என்று பக்கத்தில் இருந்தவர்கள் புலம்பினார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து, அவருக்கு எடுத்திருந்த காவிச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். திருவிழாவுக்கு இங்கே காவிதான் உடுத்துவோம்.

மாசக் கடைசியில் போன் வந்தது. அவர் பேசுவதற்கு முன்னாலேயே பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"விடாம கொட்டுதும்மா. எல்லா மெஷினும் ஓட ஆரம்பிச்சிடுச்சு," என்றார்.

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எப்படியாவது வந்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

திருவிழா அன்று தேர் எங்கள் பக்கம் திரும்பும்போது தூறல் விழுந்தது. கூட்டத்தில் பலர் சந்தோஷமாக மாதாவைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். இங்கே நன்றாகப் பெய்யட்டும், மலையில் மட்டும் கொஞ்சம் விடட்டும், அவர் ஒரு நாள் வந்து போனால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.