கரண்ட் இல்லாத ஊருக்கு ஒரு மோட்டார்

ஓவனில் வேகும் வார்னிஷ் வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும், துடியலூர் ரீவைண்டிங் பட்டறையில் போய் நின்றுவிடுகிறேன். கருகின மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் இடம். நான் டெஸ்டிங் பார்த்தேன். பக்கத்து மேஜையில் காயில் சுற்றியவர் அருளப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் வருவார்.

வேலை முடிந்தபின் அவர் தனக்கென்று ஒரு மோட்டார் சுற்றினார். காயலான் கடையில் எடுத்த ஸ்டேட்டர், காயில் உட்காரும் பள்ளங்கள் கொண்ட இரும்புக்கூடு. ஊரில் விட்டுவந்த திராட்சைப் பந்தலுக்குத் தண்ணீர் இறைக்க.

"ஏனுங்க அருளப்பு, உங்கூர்ல கரண்ட்டுப் போயி வருஷக்கணக்காச்சு. இத கெணத்துல கல்லாட்டப் போடறதுக்குங்களா?" என்பார் முதலாளி.

"யுத்தம் முடிஞ்சா கரண்ட் வரும், முதலாளி."

"யாரு முடிப்பாங்க? உங்காளுங்களா, அவிங்களா?"

"ரெண்டு பேருமில்லை. கடவுள் முடிப்பார். அவனவன் தன்ர திராட்சைக்குக் கீழ பயமில்லாமல் இருப்பான் எண்டு வேதாகமத்தில கிடக்கு."

"அதுவரைக்கும் நம்ம காயிலையும் கொஞ்சம் சுத்திப்போடுங்க!"

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்றது. பேச்சுவார்த்தை என்றது பேப்பர். அருளப்பு மோட்டாரை வார்னிஷில் முக்கி வேகவைத்து, நீலப் பெயிண்ட் அடித்து, சாக்கில் கட்டினார். முகாமில் ஊர் திரும்பப் பெயர் கொடுத்தார்.

கத்திரி வெயிலுக்கு முன்னாலேயே சண்டை மறுபடி மூண்டது. மறுநாளும் பஸ்ஸில் வந்தார். மேஜையில் உட்கார்ந்து காயில் சுற்றினார்.

அந்த வாரம் அன்னூர் விவசாயி ஒருவர் கருகிய மோட்டாரோடு வந்தார். "வாழை குலை தள்ளற சமயமுங்க. தண்ணி உடலீன்னா அத்தனையும் சாஞ்சு போயிருமுங்க."

புதிதாகச் சுற்றி வேகவைக்க நாளாகும். அதே அளவில் தயாராக இருந்தது சாக்கில் கிடந்ததுதான். முதலாளி அதைப் பார்த்தார்.

அருளப்பு எழுந்து சாக்கை அவிழ்த்தார். "டெஸ்ட் பண்ணிப் பாரும், தம்பி."

லைன் கொடுத்தேன். தேன்கூடு போல ஒரே சீராக முனகியது. மனுஷனுக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு என்று நினைத்தபடி திரும்பினேன். அவர் மேஜைமேல் துருப்பிடித்த வேறொரு ஸ்டேட்டர். பாதிப் பள்ளங்களில் புதுச் செம்பு மின்னியது.

ரிப்பேர் வேலையே கரண்ட் வரும் என்று நம்பிச் செய்வதுதான். வந்தபின் சுற்ற உட்கார்ந்தால் பயிர் காத்திருக்காது. பட்டறையில் நான் கற்ற பாடம் அதுவே.

டெம்போவில் ஏறிய விவசாயி தலையை வெளியே நீட்டினார். "உங்கூர்ல கரண்ட்டு வந்தாச் சொல்லியனுப்புங்க. நானே கழட்டிக் கொண்டாந்து தாரேனுங்க."

"வேண்டாம் அண்ணை, அது உங்கட வாழையிலயே நிக்கட்டும். நான் மற்றதைத் தொடங்கீட்டன். கடவுள் யுத்தத்தை முடிக்கேக்க மோட்டர் றெடியா இருக்கோணும்."