மூடிக்குள் இருந்த தாயத்து

"அக்கா, இது பசியெடுத்த கழுதை மாதிரி கத்துது. என்னன்னு பாரு."

யோரோ மண்ணுக்குள் தங்கம் தேடும் தன் மெஷினை நாமிசாவின் பாயில் கிடத்தினான். பகல் தொழுகை முடிந்து ஆட்கள் சந்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

"தங்கத்தைக் கண்டா கத்தட்டும், வேணாங்கல. வெறுந்தரையிலயும் கத்துது, காத்துல தூக்கிப் பிடிச்சாலும் கத்துது."

"ஃபுலானிக்காரன் மாட்டை விட்டுட்டு மெஷினை மேய்க்கப் போனா அது அழாம என்ன செய்யும்?" என்றாள் நாமிசா.

"பயறு தின்னிங்க எல்லாம் பேசுது பாரு! நீங்க எங்க வீட்டு அடிமைங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

"அடிமை கையால தைச்ச மூடி இல்லேன்னா எசமான் கல்லு பொறுக்கித்தான் திங்கணும்."

வேர்க்கடலை விற்கிறவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாமிசாவைப் போன்ற மாலிங்கேக்காரர்களும் மாடு மேய்க்கும் ஃபுலானிகளும் ஒருவரையொருவர் விளையாட்டாக வையாமல் பேச்சைத் தொடங்குவதில்லை. பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்த சரானும் புன்னகைத்தாள். அவள் ஊர்ப் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறவள்; நாமிசாவின் வீட்டு முற்றத்தில் ஓர் அறையில் குடியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பள்ளி விட்டதும் இங்கே வந்து உட்காருவது அவள் வழக்கம்.

நாமிசா கம்பின் நுனியிலிருந்த வட்டத் தட்டைத் திருப்பினாள். தட்டுக்குள் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயிலைக் கல்லும் சரளையும் தேய்க்காமல் காப்பது அதன் அடிமூடிதான். அந்த மூடியின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஒட்டு இருந்தது. எண்ணெய்க் கேனிலிருந்து வெட்டியது, பிளந்த கோலாக்கொட்டையின் வடிவத்தில். அந்த வடிவத்தில் ஒட்டு வெட்டுவது அந்தச் சுற்று வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அவள் கை அப்படியே நின்றது.

"இது உனக்கு எங்க கிடைச்சது?"

"வடக்கே, எல்லை தாண்டி ஒரு சந்தையில. ஏன்க்கா?"

"வித்தது யாரு?"

"யாவாரி ஒருத்தன். இதோட சொந்தக்காரன் அலைஞ்சு அலுத்துப்போயி அங்கேயே அரிசிக்கடை போட்டுட்டானாம். பொண்ணு ஒண்ணையும் கட்டிக்கிட்டானாம். நெட்டையா, இடது காது கொஞ்சம் கிழிஞ்ச ஆளாம். நல்லா இருக்கான்னு சொன்னான்."

நாமிசா வாய்விட்டுச் சிரித்தாள். "கட்டிக்கிட்டாரா! ஒரு படி அரிசியை ஒழுங்கா அளக்கத் தெரியாது, அந்த ஆளு கடை போட்டாராம்! அந்தப் பொண்ணு பாவம்டி. சரான், கேட்டியா? எங்க வீட்டுக்காரருக்குப் புதுசா பொண்டாட்டி வந்திருக்கா!" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் புருஷன் லான்சினே தங்கம் தேடி வடக்கே போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று ஒரு சேதியும் இல்லை. இப்போது இருக்கிறான். இன்னொருத்தியோடு இருந்தால்தான் என்ன, இருக்கிறான்.

வேர்க்கடலைக்காரி கூடையை அப்படியே போட்டுவிட்டு, நாமிசாவின் மாமியார்க் கிழவியிடம் சொல்ல ஓடினாள்.

நாமிசா மெல்லிய கத்தியால் மூடியின் விளிம்பைச் சுற்றிப் பழைய பசையை அறுத்தாள். மூடி கழன்று வந்தது. உள்ளே பொடிமண் படிந்திருந்தது. இரும்பு கலந்த மண், அதுதான் கத்தலுக்குக் காரணம். மண்ணைத் தட்டியதும், தட்டின் நடுவே, தோலில் தைத்த தட்டையான தாயத்து தெரிந்தது. அவள் அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"என்னக்கா அது?"

"மண்ணுடா. கட்டி பிடிச்சுப்போச்சு. நாளைக்கு வா, பசை காயணும்."

யோரோ போய்விட்டான். தாயத்தைச் சரான் பார்த்துவிட்டாள். நாமிசாவுக்கும் அது தெரியும்.

மெஷினோடு காட்டுக்குப் போகிற ஆண்கள் ஓதி வாங்கிய தாயத்தைக் காயிலுக்கும் மூடிக்கும் நடுவே வைத்து அடைப்பார்கள். மெஷினை விற்க வேண்டி வந்தால் முதல் வேலையாக மூடியைக் கழற்றித் தாயத்தை எடுத்துக்கொள்வார்கள். அது அடுத்தவன் கைக்குப் போனால் தன் உயிரும் கூடவே போகும் என்பது நம்பிக்கை. அரைவயிறு பட்டினியில் விற்றவன்கூட அதை எடுக்காமல் விற்றதில்லை.

இந்தத் தொழிலுக்கு நாமிசாவைக் கொண்டுவந்ததே லான்சினேதான். காளைகளை விற்று அவன் மெஷின் வாங்கிய வருஷம் மூடி விரிசல் விட்டது. அவன் வானத்தையும் பூமியையும் திட்டினான். அவள் விரிசல் விட்ட சுரைக்குடுவைகளை நூலால் தைக்கத் தெரிந்தவள். அதேபோல மூடியின் விரிசலுக்கு இருபுறமும் துளையிட்டுத் தைத்து, மேலே பசை போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிட்டாள். பசை காயும்வரை பைக் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டி நிழலில் வைத்தாள். வெயிலில் வைத்தால் மூடி வளைந்துவிடும். பெண் கை பட்ட மெஷினுக்குத் தங்கம் ஓடி ஒளியும் என்று ஊர் சிரித்தது. லான்சினே மட்டும், "ஓடட்டும், எங்க போயிடும்? மண்ணுக்குள்ளதானே இருக்கு" என்றான். அந்த மெஷின் வீண்கத்தலை நிறுத்தியதும் சிரித்தவர்களே வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அவன் வடக்கே போன காலையில் தாயத்தை வைத்து மூடியதும் அவள்தான். அன்று கூடுதலாக ஒரு சுற்றுப் பசை போட்டாள்.

சேதி கேட்ட மாலையில் கிழவி முற்றத்தில் அரிசி மாவும் தேனும் பிசைந்து அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தாள். கண் சரியாகத் தெரியாதவள், ஒவ்வொரு கையாகத் தடவிப் பார்த்து உருண்டையை வைத்தாள். "எம் புள்ள கடை வச்சிருக்கான்! நாமிசா, நீ கோவப்படாதடி. ரெண்டாவது வந்தாலும் நீதான் மூத்தவ. அவன் வரட்டும், நான் காதைத் திருகுறேன்."

"திருகுங்க, அத்தை. நல்ல காதா பாத்துத் திருகுங்க," என்றாள் நாமிசா. தானும் ஓர் உருண்டையை வாங்கித் தின்றாள்.

மறுநாள் மூடியைக் கழுவி, உலர்த்தி, அடைத்தாள். யோரோ காற்றில் வீசிப் பார்த்தான். மெஷின் வாயைத் திறக்கவில்லை. "அடிமைன்னாலும் கைகாரி," என்று பாராட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்த பிறகு சரான் மெல்லக் கேட்டாள்.

"திருட்டுப் போயிருக்கலாமே, அக்கா?"

"திருடினவனை அந்த ஆளு விட்டிருப்பாருன்னு நினைக்கிறியா? கத்திக் கத்தி ஊரையே கூட்டியிருப்பாரு. வெறுங்கையா வந்தாவது என்கிட்ட சண்டை போட்டிருப்பாரு." பசைக் குழாயின் வாயைத் துணியால் துடைத்தாள். "இல்லடி. அந்த யாவாரி சொன்னது கதை. அவரு உசிரோட இல்ல."

"உங்க அத்தைகிட்ட..."

"சொல்லி? நேத்து மாவு பிசைஞ்ச கையைப் பாத்தியா? கிழவி கண்ணை மூடுறவரைக்கும் அவரு அரிசிக்கடையிலயே இருக்கட்டும்."

அப்படியே இருந்தான். சந்தையில் பெண்கள் அவளைப் புதுச் சக்களத்தியைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவளும் பதிலுக்குப் பதில் சொன்னாள். கைம்பெண்ணாக அவள் வீட்டுக்குள் அடங்கி உட்காரவில்லை, வெள்ளை உடுத்தவில்லை, உடுத்தினால் கிழவிக்குத் தெரிந்துவிடும். ஒட்டு வெட்டும்போது மட்டும் சில நேரம் கத்தி நின்றுவிடும். சரான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தெருக்கோடியில் ஒரு சாவு விழுந்தது. ஊர்ப் பெண்கள் வரிசையாகப் போய், புருஷனை இழந்த பெண்ணின் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டு வந்தார்கள். நாமிசாவும் சரானும் போனார்கள். திரும்பி வரும் வழியில் மாமரத்தடியில் நாமிசா நின்றாள். முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"சரான், எனக்கு ஒண்ணு செய்வியா?"

"சொல்லுங்க அக்கா."

அவள் பசைக்கறை படிந்த வலது கையை நீட்டினாள்.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னியே, அல்லா அவரு படுத்த இடத்தைக் குளிர வைக்கட்டும்னு. அதை எங்கிட்டயும் ஒரு தரம் சொல்லு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு. அவருக்காக எங்கிட்டத் துக்கம் கேட்க வேற யாரும் வரமாட்டாங்க."