நான்கு மதிப்பெண்

எங்கள் இயற்பியல் துறை அலுவலகத்தில் அவளுக்கு டிக் அக்கா என்று பேர். பட்டம் வாங்கப்போகும் ஒவ்வொருவரின் பாடப்பட்டியலையும் அவள்தான் சரிபார்ப்பாள். இயக்கவியல், மின்காந்தவியல், வெப்பவியல், குவாண்டம், நான்கு கணிதத்தாள், மூன்று ஆய்வகம். முடித்ததற்குப் பச்சை டிக். விட்டுப்போனதற்குச் சிவப்பு வட்டம். ஒரே ஒரு வட்டம் இருந்தாலும் பட்டம் கிடையாது.

ஆய்வக நேரம் இன்னொரு வகுப்போடு இடித்தால், வேறு ஆய்வகத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். தாமதமாக வருகிறவர்களிடம் அக்கா முகத்தைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

"அந்தப் பருவம் முடியறதுக்குள்ள குடுத்திருக்கணும். இனிமே செல்லாது. எங்க காலத்துல இந்தச் சலுகையே கிடையாது, தெரியுமா?"

அக்காவும் இங்கே படித்தவள்தான். கடைசி வருஷம் ஒளியியல் ஆய்வகம் குவாண்டம் வகுப்போடு இடித்தது. அந்த ஒன்றால் பட்டம் நின்றுபோனது. மறு வருஷம் வந்து முடிக்க வீட்டில் வசதியில்லை. அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இன்று எங்கள் துறைத்தலைவி. அவள் வராந்தாவில் நடந்துபோனால் போதும், அக்காவுக்கு வயிறு எரியும். எதிர் மேசையில் இருபது வருஷமாக அந்தச் சூட்டில் உட்கார்ந்திருப்பவள் நான்.

"அவளுக்கு மட்டும் எப்படி நேரம் இடிக்காமப் போச்சு? ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கா," என்பாள்.

பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. தலைவியின் கோப்பை அக்கா என் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கினாள். ஒளியியல் ஆய்வகம் அதிலும் இல்லை. அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பொல்லாத சந்தோஷம்.

அடுத்த தாளைத் திருப்பினாள். ஒளியியலுக்குப் பதிலாக மின்னணுவியல் ஆய்வகத்தை ஏற்கும்படி ஒரு மனு. அதைக் கூடுதலாக முடித்திருந்த இரண்டு மாணவிகளுக்காக எழுதியது. கீழே இரண்டு பதிவெண்கள். முதலாவதற்கு எதிரே தலைவியின் கையெழுத்து. இரண்டாவது அக்காவின் எண். எதிரே கையெழுத்தில்லாத வெறும் கோடு.

அக்கா கோப்போடு தலைவியின் அறைக்குப் போனாள். ஏதாவது ஆகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இத என்கிட்ட ஏன் சொல்லல?"

தலைவி தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணு நாள் உன் பின்னாடியே வந்தேன்டி. என்னைக் கண்டாலே திரும்பிக்கிட்டுப் போனே. நாலாவது நாள் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. தனியாக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

இயக்கவியலில் தலைவி தன்னைவிட நான்கு மதிப்பெண் கூட வாங்கினாள் என்று அந்த வருஷம் முழுக்க அவளோடு பேசாமல் இருந்ததை அக்காவே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்த நான்கு மதிப்பெண்ணுக்குக் கொடுத்த விலை இது.

தலைவி பேனாவை நீட்டினாள். "இப்பப் போட்டா செல்லுமா? விதியெல்லாம் உனக்குத்தானே தெரியும்."

அக்கா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செல்லாது. அந்தப் பருவம் முடியறதுக்குள்ள குடுத்திருக்கணும்," என்றாள்.

பிறகு மேசைக்குத் திரும்பி, தலைவியின் பட்டியலில் விட்டுப்போயிருந்த ஆய்வகத்துக்கு நேராகப் பச்சை டிக் போட்டாள்.