காக்காய் வந்த பிறகுதான் மாத்திரை

முதலில் இடது கைக் கட்டைவிரல்தான் தானாகத் துடித்தது. ஜமுனாமரத்தூரில் இருக்கிற என் மளிகைக் கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தேன். விரலை உதறிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டிருந்தது, கையில் யாரோ இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். சற்று முன்பு வரை என் இடுப்பில் இருந்த கைக்குழந்தையை மனைவி சுமதி இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

இரும்பால் ஒன்றும் ஆகாது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும். சீக்கிரம் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இது இருந்தால் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வேலூரில் ஸ்கேனும் இ.இ.ஜி.யும் (மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்கள். கால்-கை வலிப்பு என்றார் டாக்டர். ஊர் வாயில் அது காக்கா வலிப்பு. காலையும் இரவும் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. பைக் ஓட்டக் கூடாது, கிணற்றில் இறங்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கலாமா என்று சுமதி கேட்டாள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாம், நின்றபடி வேண்டாம், நோய் கட்டுக்குள் வரட்டும் என்றார். மற்றதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இது சுட்டது.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரலாம் என்றதால் யோகா செய்யட்டுமா என்று கேட்டேன். மெதுவானதைச் செய்யலாம், வேகமாக மூச்சை இழுத்து விடுகிற பயிற்சி மட்டும் கூடாது என்றார். ஆலங்காயத்தில் வகுப்பு எடுக்கும் டீச்சரிடம் சேர்ந்தேன். முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார்.

"அமாவாசை, பௌர்ணமி ரெண்டு நாளும் எதுவும் வேணாங்க. ஒடம்ப சும்மா வுட்ருங்க."

பௌர்ணமியன்று உடம்பு துள்ளும், அளவு மீறிச் செய்து சுளுக்கிக்கொள்வோம். அமாவாசையன்று மந்தமாக இருக்கும், அதைப் போட்டு வருத்தக் கூடாது. அவர் கற்ற வழியில் அப்படித்தான் சொல்வார்களாம். அமாவாசை தவறாமல் கடைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைக்கிறவன் நான். எனக்கு அது சட்டென்று பிடித்துப்போனது.

'எதுவும்' என்ற சொல்லில் மாத்திரையையும் சேர்த்துக்கொண்டேன். அதற்குத் தோதாக வீட்டு வழக்கம் வேறு இருந்தது. அப்பா போனதிலிருந்து அமாவாசைதோறும் படையல் போட்டு, காக்காய் வந்து சோறு எடுத்த பிறகுதான் நான் பச்சைத் தண்ணீர் குடிப்பேன். காலை மாத்திரையும் அன்றைக்குக் காக்காய்க்குப் பிறகுதான்; அது வராவிட்டால் மாத்திரையும் இல்லை.

அடுத்தடுத்து வந்த இரண்டு வலிப்பும் அமாவாசையில்தான் வந்தன. அமாவாசை என்றால் இழுக்கத்தான் செய்யும் என்றார்கள் ஊரில். நானும் நம்பினேன். நிலா தேயத் தேயப் பயம் வளரும். மகளை மடியில் வைத்துக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டேன். அவள் என்னை நோக்கித் தவழ்ந்து வந்தால் எழுந்து கடைக்குப் போய்விடுவேன்.

வேலூர் டாக்டரிடம் அமாவாசை விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசியா வந்த அன்னிக்கி மாத்திரை எத்தினி மணிக்குப் போட்டீங்க?"

"காக்கா சாப்ட்டப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேங்க."

"காக்கா எப்ப வந்துச்சு?"

சுமதிதான் பதில் சொன்னாள். "அன்னிக்கி ஒரே மழைங்க. வரவே இல்லீங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ஒரு வேளை மாத்திரை தவறினாலே வலிப்பு வரலாம், வெறும் வயிறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், நிலாவின் மேல் பழி போடாதீர்கள் என்றார். கால்-கை வலிப்பு என்பதுதான் மக்கள் வாயில் காக்கா வலிப்பு ஆகியிருக்கும், காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார். நான் அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கி வைத்திருந்தேன்.

இதைச் சொன்னதும் யோகா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் ஆசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார். நிலா உடம்பை என்ன செய்கிறது என்று நிரூபித்துக் காட்டத் தன்னால் முடியாது, மாதத்தில் இரண்டு நாள் ஓய்வு கெடுதல் இல்லை என்று மட்டும் தெரியும் என்றார். அந்த ஓய்வை இன்னும் கடைப்பிடிக்கிறேன். அந்த நாட்களில் பாயை விரித்து வெறுமனே படுத்திருப்பேன். விரல் துடிக்கிறதா என்று காவல் காக்காமல் உடம்போடு சும்மா இருக்க அப்படித்தான் பழகினேன்.

இப்போது அமாவாசையன்றும் விடிந்ததும் கேழ்வரகுக் கூழ் குடித்து மாத்திரை போட்டுக்கொள்கிறேன். முதல் தடவை அப்பா படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

பல அமாவாசைகள் வலிப்பில்லாமல் போயின. பைக் இன்னும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கலாம் என்றார் டாக்டர். அதன் பிறகும் எனக்குக் கை வரவில்லை. போன அமாவாசையன்று சுமதி படையலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பருகே வந்த மகளைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, புடிங்க. எண்ண காயுது."

நின்றபடியே வாங்கினேன். என் இடுப்புக்குத் தெரிந்த கனம் இல்லை அது. கால்கள் நீண்டு என் முழங்கால் அருகே தொங்கின. அப்படியே வைத்துக்கொண்டு நடக்க ஆசையாக இருந்தது. அவள் நெளிந்து, கீழே விடச் சொல்லிக் காலை உதைத்தாள். அவளுக்கு இப்போது ஓடவே தெரியும்.