ஆமை தெரிந்த கிணறு

பெரியம்மாவின் பாகல் பந்தலுக்குப் போக வேண்டிய தண்ணீரை ஒரே பகலில் கொட்டித் தீர்த்தவன் நான். அதைவிட மோசமாக, அந்தப் பழியை என் அப்பா சுமக்கும்படி விட்டவனும் நான்தான்.

நல்லேப்பிள்ளிப் பக்கம் எங்கள் தோட்டமும் பெரியப்பாவின் தோட்டமும் ஒரே கிணற்றை நம்பி இருந்தன. ஒருநாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. பெரியப்பா இறந்த பின் பெரியம்மாதான் மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைத்தார். நான் டிரவுசர் போட்ட பள்ளிப் பையனாக இருந்த வருஷம் அப்பா மின்சார மோட்டார் வைத்தார். கிணற்றுத் தண்ணீர் சுத்தமாக இருப்பதற்காக யாரோ எப்போதோ விட்ட ஆமை ஒன்று உள்ளே இருந்தது. நான் அதைப் பார்த்ததே இல்லை. அது கட்டுக்கதை என்றுகூட நினைத்திருந்தேன்.

ஸ்விட்சைத் தட்டினால் பல்பில் வெளிச்சம் வருவதுபோல, மோட்டாரைத் தட்டினால் தண்ணீர் வரும் என்பது என் விஞ்ஞானம். மின்சாரம்தான் தண்ணீரைக் கொண்டுவருகிறது என்று நம்பினேன். கிணறு ஏதோ ஓரமாக இருந்தது, அவ்வளவுதான்.

கோடையில் ஒருநாள், கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்துக்கு எல்லாரும் போய்விட்டார்கள். வயிற்றுவலி என்று சொல்லி நான் வீட்டில் தங்கினேன். அவர்கள் வண்டி மறைந்ததும் கூட்டாளிகளைக் கூட்டி வந்து மோட்டாரைப் போட்டு, தொட்டியில் ஆட்டம் போட்டோம். பாதியில் கரண்டு போய்விட்டது. நனைந்த டிரவுசரை வேலியில் காயப்போட்டுவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டு ஊருக்குள் விளையாடப் போனேன். ஸ்விட்சை அணைக்கத் தோன்றவில்லை. கரண்டு எப்போது திரும்பி வந்ததென்று தெரியாது. சாயங்காலம் நான் வந்தபோது தொட்டி வழிந்து, வாய்க்கால் வழிந்து, வண்டித் தடத்தில் தண்ணீர் குளமாக நின்றது. மோட்டார் காற்றை உறிஞ்சி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் கல்யாணத்துக்குப் போனவர்களும் வந்து சேர்ந்தார்கள். நீ தொட்டாயா என்று அப்பா கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காலை பெரியம்மாவின் முறை. மாடுகள் சரிவில் பின்னோக்கி ஏற, சால் கிணற்றுக்குள் இறங்கியது. சால் தண்ணீரில் விழும் ஓசைக்குப் பதிலாகத் தரையில் மோதும் சத்தம் கேட்டது. மேலே வந்தது சேறு. எட்டிப் பார்த்தேன். கிணற்றுக்கு ஒரு தரை இருந்தது. அந்தச் சேற்றில், ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு, ஆமை நடந்துகொண்டிருந்தது. சுவர் ஓரமாக ஒரு சுற்று வந்து, நின்று, கழுத்தை மேலே நீட்டியது. சட்டென்று பின்வாங்கினேன். ஒளித்து வைக்கப்பட்டிருந்த எதையோ நான் உடைத்துத் திறந்துவிட்டதுபோல் இருந்தது.

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "கரண்டு இல்லாத நேரத்துல போட்டுப் பாத்துட்டு, அணைக்காமக் கெளம்பீட்டனாட்ட இருக்குதுங்க அண்ணி. என்ற தப்புத்தானுங்க."

பெரியம்மா சத்தம் போடவில்லை. "என்ற மாட்டுக்கு மூச்சு வாங்குமுங்க தம்பி. அது நிக்கற நேரத்துல கெணறு ஊறிக்கும். உங்க மோட்டாருக்கு மூச்சே இல்லீங்களே" என்றார்.

பந்தலில் பூத்திருந்த பூவெல்லாம் அந்த வாரமே உதிர்ந்தது. ஆமையைக் கூடையில் தூக்கிக் குளத்தில் விட்டார்கள். செய்யாத தப்புக்கு ஈடாக அப்பா பெரியம்மாவுக்கும் ஒரு மோட்டார் வைத்துக் கொடுத்தார். மாடுகள் சந்தைக்குப் போயின. ஒரு கிணற்றில் இரண்டு மோட்டார். அப்புறம் நெல் போய் வாழை வந்தது, வீட்டுக்குள் குழாய் வந்தது, கிணறு வற்றி ஆழ்துளைக் குழாய் வந்தது. சிறுவயதில் நாங்கள் குளித்த தண்ணீர் நேராகக் கொல்லை வாழையின் அடிக்குப் போகும். நான் படித்து வேலைக்குப் போய்க் கோயமுத்தூரில் கட்டிய வீட்டில் மூன்று குளியலறைகள். அங்கே குளித்த தண்ணீர் எங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரைக்கூடக் குடிதண்ணீரில்தான் கழுவினேன்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அப்பா இல்லை. படுக்கையில் இருந்த பெரியம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியுங் கண்ணு. உன்ற டவுசரு எங்கூட்டு வேலியிலதான காஞ்சுது" என்றார்.

திகைத்துப்போனேன். ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா உங்கப்பன் உன்னய நாலு சாத்து சாத்தீட்டு உட்டிருப்பாரு, எனக்கு மோட்டாரு வெச்சுக் குடுத்திருப்பாரா? மாட்டுப் பொறத்தால நடந்து நடந்து இடுப்பு ஒடிஞ்சவளுக்கில்ல தெரியும்." பல்லில்லாத வாயால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

அதன்பின் வீட்டுக் கூரையில் விழும் மழையையெல்லாம் குழாய் வைத்துப் பழைய கிணற்றுக்குத் திருப்பினேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது அடியில் தண்ணீர் நின்றது. கயிறும் வாளியுமாக இறைத்துக் குளிக்க ஆரம்பித்தேன். கை வலித்ததும் நிறுத்திவிடுவேன். அவ்வளவு போதுமாக இருந்தது.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் வந்தான். எட்டிப் பார்த்தவனுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, சின்னதா ஒரு மோட்டார் போட்டுரலாம். போன்லயே ஆன் பண்ணிக்கலாம், நீங்க எந்திரிக்கவே வேண்டாம்" என்றான். என் மேலுள்ள பாசத்தில் சொன்னதுதான். நான் கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினேன்.

அந்த டிரவுசர் பையன் ஒரு கிணற்றை ஒரு பகலில் வற்றவைத்ததற்கே அப்படிப் பயந்தான். அதையே நாங்கள் எல்லாரும் தினமும் செய்யப்போகிறோம், அதற்கு வசதி என்று பெயர் வைக்கப்போகிறோம் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.