டோரின் நிறுத்திய கல்வெட்டு

2007இல், போர்க்காலக் கொழும்பில், வெள்ளவத்தை அச்சகமொன்றில் பக்கம் வடிவமைத்த டோரினுக்கும் முதலாளி நாகேந்திரத்துக்கும் ஆகாது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருபவள் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறித்தான் வரவேண்டும். சாவடிகளை அவள்தான் கட்டிவைத்ததுபோல், பிந்தியதற்கு அவர் ஏசுவார். ஏச்சுக் கேட்கத் தனிச் சம்பளம் வேண்டும் என்று அவள் ஒருநாள் சொன்னதை அவர் மன்னிக்கவே இல்லை.

அன்று திரையில் சிவபாதசுந்தரத்தாரின் கல்வெட்டு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று உறவினருக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். விதவை பாலேஸ்வரி பக்கத்திலேயே கதிரை போட்டுக் குந்தியிருந்தார். செத்தவர் பெயர் வருமிடமெல்லாம் முன்னால் ‘அமரர்’ சேர்க்க வேண்டும். அதற்கென நாகேந்திரத்தின் மருமகன் கனடாவிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பியிருந்தான். ஓடவிட்டால் மென்பொருள் தானே தேடித் தேடி மாற்றும்.

“ஓடேக்கை ஒருத்தரும் கீபோர்ட்டிலை கை வைக்கப்படாது. வைச்சால் வேலை இல்லை, கண்டியோ?” என்றார் நாகேந்திரம்.

கிழட்டுக் கணினி ஆறுதலாக, ஒவ்வொரு வரியாகத் தேவாரத்தைக் கடந்து, பிள்ளைகளின் பக்கத்துக்கு வந்தது. தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும் என்பதை மருமகன் கனடாக் குளிரில் மறந்துவிட்டிருந்தான். ‘அமரர் சிவபாதசுந்தரம் அருந்ததி’ என்று விழுந்தது. லண்டனில் எல்லோரோடும் சண்டை பிடித்துக்கொண்டு திடமாக இருக்கும் மூத்த மகள் சிவபதமடைந்தாள். அடுத்து நடுமகனும் போனான்.

இனிக் கடைக்குட்டி சிவபாலன். தை மாதம் காலி வீதியில் யாரோ வெள்ளை வான் வண்டியில் கடத்திப் போனவன். பாலேஸ்வரி அவனைத் தேடி இன்னமும் பொலிஸ் நிலையங்களுக்கு அலைகிறார்.

“முதலாளி, இருக்கிறவங்களையும் சாவடிக்குது. நிப்பாட்டவா?”

“பொத்து வாயை! பாதியிலை விட்டால் எல்லாம் குழம்பும். முடியட்டும், பிறகு பாப்பம்.”

டோரின் கீபோர்ட்டில் எஸ்கேப் கட்டையைத் தட்டினாள். அந்த ஆப்பிள் மக் கணினி அசையவில்லை. கொமாண்ட் கட்டையையும் முற்றுப்புள்ளிக் கட்டையையும் சேர்த்து அமத்திப் பிடித்தாள். சிவபாலனுக்கு மேல்வரியில் ஸ்கிரிப்ட் நின்றது.

“எழும்படி! நாளைக்கு இந்தப் பக்கம் வராதை!”

“வரல்ல. இதை முடிக்காமப் போகவும் மாட்டேன்.”

பாலேஸ்வரி நன்றி சொல்வார் என்று பார்த்தால், அவரும் பாய்ந்தார். “நிப்பாட்டத் தெரிஞ்சனி ஏன் பிராக்குப் பார்த்தனி? ரெண்டு பிள்ளையளைச் சாக விட்டிட்டியே!”

“சாவடிச்சது முதலாளிட மருமகன், அன்டி. இருங்க, எழுப்பி விடுறேன்.”

நாகேந்திரம் கத்தக் கத்த, அவள் கையாலேயே ‘அமரர்’களை அழிக்கத் தொடங்கினாள். பாலேஸ்வரி திரைக்குக் குனிந்து, சிவபாலனின் பெயருக்கு முன்னாலிருந்த வெற்றிடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டார்.

“விரலை எடுங்க அன்டி, எழுத்து மறைக்குது.”

“எடுக்க மாட்டன். நீ மற்றதைப் பார்.”