எத்தனை மஞ்சள் கரு தின்றாய்?

நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பது என் மகளுக்கு எந்த நாளில் புரிந்தது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்துக்குப் பக்கம். கடலைக்காய் பறித்து நிலம் காலியானதும் கபடிப் போட்டிகள் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு ஆண்கள் கிளம்பிவிடுவார்கள். என் கணவர் ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். முழங்கால் போன பிறகு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறவராகிவிட்டார். ஆடின காலத்தில் அவர் சாராயத்தைத் தொட்டதே இல்லையாம். பார்க்கப் போன பிறகுதான் எல்லாம்.

சாராயக் கடை மறுபடி திறந்த முதல் வருடம், போட்டி முடிந்து சைக்கிளில் வந்தவர் சேலம் ரோட்டைத் தாண்டும்போது விழுந்துவிட்டார். லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போனார். அப்போது மகன் என் வயிற்றில் இருந்தான். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு அத்தை என்னைத் திட்டவில்லை, அவரையும் திட்டவில்லை.

"இனிமேட்டுக்குப் புள்ளயக் கூட அனுப்பு அம்மிணி. புள்ள கையில இருந்தா அவன் ஊடு வந்து சேருவான்" என்றார்கள்.

எங்கள் தெருவில் இது பலரும் செய்வதுதான். போட்டி நாளன்று சின்னப் பிள்ளைகளுக்குத் தலைசீவி, பவுடர் பூசி, அப்பாவோடு அனுப்பிவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் பாசம் போலத் தெரியும். எனக்கும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் தெரிந்தது. எதற்கு அனுப்புகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சைக்கிள் பாரில் துண்டைச் சுற்றி அவளை உட்காரவைத்துக் கொண்டு போவார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவார். வாசனை இருக்கும், ஆனால் கால் நிதானமாக இருக்கும். அத்தை என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை நானும் போனேன். அன்றைக்குக் கைக்குழந்தையை அத்தை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் மாட்டுவண்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்தோம். மைதானத்து ஓரம் புளியமரத்தடியில் குடல் வறுவல் சட்டியில் சீறிக்கொண்டிருந்தது. சோடாக்காரர் கோலியை அழுத்தும் சத்தம் ஓயவில்லை. கோழிப் பண்ணையில் கழித்த கீறல் முட்டைகளை அவித்து, ஒருவர் கூடையில் கொண்டுவந்திருந்தார்.

"ஏனுங்க, முட்ட கோலிக்குண்டாட்ட இருக்குது?"

"புதுக் கோழிங்க. இன்னும் ஆள் பழகுல."

கோட்டுக்குள் ஒருவன் தொடையைத் தட்டிக்கொண்டே நின்றான். "ஏன்டா, தொடையத் தட்டறதுக்கா பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்த? உள்ள போடா!" என்று புளியமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். என் கணவர் சாராய டம்ளரை வாங்கும்போதெல்லாம் ஒரு முட்டையும் வாங்கினார். உரித்து, மிளகுத்தூள் பட்ட வெள்ளையைத் தான் தின்றுவிட்டு, மஞ்சள் கருவை மகள் வாயில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் இன்னொரு டம்ளரை நீட்டியபோது, "புள்ள இருக்குது மாப்ள, உடு" என்றார். மாப்பிள்ளை விடவில்லை. "புள்ளைக்கு ஒரு முட்ட சேத்தி வாங்கிக் குடு, போச்சு" என்றார். மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்ததும், கிணற்றடியில் அவள் கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பேன். "இன்னைக்கு எத்தன மஞ்சக் கரு தின்ன, சாமி?" அவள் விரலைக் காட்டுவாள். எத்தனை டம்ளர் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவரை நான் நேரே கேட்டதில்லை. பி.யூ.சி. வரை படித்தவள், இப்படி ஒரு வழி கண்டுபிடித்தேன். சில நாள் அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு அன்றிரவு படுக்கையில், குழந்தையை வேவு பார்க்க வைக்கிறோமா என்று புரண்டுகொண்டிருப்பேன்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டேன்.

"ஒன்னுதானுங்கம்மா" என்றாள். விரலைக் காட்டவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. விளக்கு வைத்துச் சோறு போட்டேன். அவளுக்கு ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. சிறிது நேரத்தில் வாசலில் வாந்தி எடுத்தாள். மஞ்சளாக, மாவு மாவாக வந்துகொண்டே இருந்தது. ஒரு முட்டையில் அவ்வளவு இருக்காது.

"வெயிலு சேரல" என்றார்கள் அத்தை.

மகள் என் முகத்தையே பார்த்தாள். "அது நேத்துத் தின்னதுங்கம்மா" என்றாள்.

முந்தின நாள் எங்கள் வீட்டில் முட்டையே இல்லை. நான் அவள் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் கயிற்றுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விழித்துத்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை அவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் சொல்லிக் குடுக்குல" என்றார். அது உண்மை என்றுதான் எனக்கும் படுகிறது. பிறகு, ஏதோ முடிவு கட்டியவர் போல, "இனிமே அவளுக்கு முட்ட வாங்கித் தரமாட்டேன். கடல முட்டாயி வாங்கித் தாரேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.

பொங்கல் கழித்து மறுபடி போட்டி. கோடு போட நிலத்தைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்தாகிவிட்டது. நீலக் கவுனை எடுத்துவைக்கச் சொல்லி மகள் இரண்டு நாளாகப் பின்னாலேயே வருகிறாள். அவளை அனுப்பாவிட்டால் அவர் ரோட்டைத் தாண்டி எப்படி வந்து சேருவார் என்று பயம். அனுப்பினால், அதே சைக்கிள் பாரில்தானே அவளும் உட்கார்ந்து அந்த ரோட்டைத் தாண்டுகிறாள்? இத்தனை நாள் இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? அத்தையிடம் கேட்டால், "ரண்டு பேரும் வந்துருவாங்க, உடு" என்கிறார்கள். அவர்கள் மகன், அவர்களுக்கு அந்த நம்பிக்கை வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போலப் பிள்ளையைக் கூட அனுப்பியவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள்? நிறுத்தியபோது வீட்டில் என்ன காரணம் சொன்னீர்கள்? நிறுத்த முடியாது என்றால் இதையாவது சொல்லுங்கள்: அவள் திரும்பி வந்து கிணற்றடியில் கையை நீட்டும்போது, நான் அவளிடம் என்ன கேட்கட்டும்?